பாகுபாட்டை அறிவதும் எதிர்ப்பதும்: முதலிபாளையத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரை அடுத்த முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இன்று நாலைந்து மொழி காதில் விழும். ஓவர்லாக் மெஷினில் ஒடியா, செக்கிங் டேபிளில் தமிழ், அயர்னிங்கில் போஜ்புரி, பேக்கிங்கில் வங்காளம். ஒரு டி-ஷர்ட் இத்தனை கைகளைத் தாண்டித்தான் அட்டைப்பெட்டிக்குள் போகிறது. ஷிஃப்ட் முடிந்து கேட்டைத் தாண்டியதும் அந்தக் கைகள் பிரிந்துவிடுகின்றன. டீக்கடையில் அவர்களுக்குத் தனி ஓரம், லைன் வீட்டில் தனி வரிசை. பேச்சில் தனிப் பெயர்கள்: ‘வடக்கன்’, ‘பான்பராக் வாயன்’. கண் சிறுத்து, மூக்கு சப்பையாக இருந்துவிட்டால் ‘சைனாக்காரன்’.

2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றார். நம் ஊர் இளைஞர்கள் பலர் அன்று கண்டித்து ஸ்டேட்டஸ் வைத்தார்கள். நல்ல காரியம். அதே இளைஞர்களின் போனில் ‘வடக்கன் மீம்ஸ்’ குரூப்பும் இருந்தது. இனவெறி எங்கோ தூரத்தில் வெள்ளைக்காரர்கள் செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தால், நம் வாசலில் நடப்பது கண்ணில் படாது. நம் அரசியல் சாசனத்தின் 15-வது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய ஐந்தையும் ஒரே வரியில் வைத்து, இவற்றை மட்டும் காரணமாகக் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. திருப்பூர் வட்டாரத்தில் பிறந்த இடம், மொழி, முகம், சாதி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

இந்த விஷயத்தில் நல்ல மனசு மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். பாகுபாடு நடப்பது சம்பளப் பட்டியலில், வாடகை வீட்டு வாசலில், போன் திரையில், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில். எதிர்க்க வேண்டிய இடங்களும் அவைதான். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

## முதல் படி: பக்கத்து மெஷினில் இருப்பவர் யார்?

வடக்கே இருந்து வருகிறவர்களை எல்லாம் ‘இந்திக்காரன்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. இங்கே ஆட்கள் வருவது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், அசாம், உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலங்களிலிருந்து. ஒடிசாக்காரரின் வீட்டு மொழி ஒடியா. பீகாரின் வடக்கில் மைதிலி, மேற்கில் போஜ்புரி. ஜார்க்கண்ட் ஆதிவாசிகள் சந்தாலி, முண்டாரி பேசுவார்கள். அதே மாநிலத்து ஒராவோன் மக்களின் குருக் மொழி, தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. இவர்களில் பலருக்கு இந்தி பள்ளியிலோ வேலைக்கு வந்த இடத்திலோ கற்றுக்கொண்ட மொழி.

அடுத்து, இவர்கள் ஏன் வந்தார்கள் என்பது. கையகல நிலம், வருஷா வருஷம் வெள்ளம், ஊரில் கிடைக்கும் குறைந்த கூலி என்பவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாம்தான் அழைத்தோம். கம்பெனி கேட்டுகளில் ‘ஆட்கள் தேவை’ போர்டு இல்லாத நாளே கிடையாது. கிராமத்து இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி கொடுத்து வேலைக்கு அனுப்பும் மத்திய அரசின் தீன்தயாள் உபாத்யாய கிராமீன் கௌஷல்யா யோஜனா 2014-ல் வந்தது. அதன் வழியாக ஒடிசாவிலும் ஜார்க்கண்டிலும் தையல் பழகிய பெண்கள் நேராகத் திருப்பூர், கோவைப் பக்கத்து ஹாஸ்டல்களில் வந்து இறங்குகிறார்கள். இப்படிப் பயிற்சி கொடுத்து வரவழைத்தவர்களைப் பார்த்து ‘எதுக்கு இங்க வந்தீங்க’ என்று கேட்பது நியாயமில்லை.

திருப்பூரே வந்தவர்களால் வளர்ந்த ஊர். 1920-களில் இங்கே பனியன் தொழிலைத் தொடங்கிய குலாம் காதர், கல்கத்தாவில் பின்னல் மெஷினைப் பார்த்துவிட்டு வந்துதான் ஆரம்பித்தார் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். ஏற்றுமதி சூடுபிடித்த பிறகு தேனி, மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம், நெல்லைப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களையும் ‘தெக்கத்தி ஆளுங்க’ என்று ஒதுக்கியது உண்டு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நம் ஊர்க்காரர்கள்.

இந்தப் படியில் செய்ய வேண்டியது எளிது. புது ஆள் வந்தால் சூப்பர்வைசர்கள் பலர் வாய்க்கு வந்த பெயரை வைத்துவிடுகிறார்கள். ‘ராஜு’, ‘ஏ பையா’, அதுவும் இல்லாவிட்டால் ‘மூணாவது மெஷின்’. இருபது வயதுப் பெண் ஒருத்தி எட்டு மணி நேரம், ஓவர்டைம் வந்தால் பன்னிரண்டு மணி நேரம், தன் பெயரை ஒரு தடவைகூடக் கேட்காமல் வேலை பார்க்கிறாள். அவளிடம் பெயரைக் கேளுங்கள். சரியாக வரும்வரை அவள் முன்னாலேயே சொல்லிப் பாருங்கள். லைனில் மற்றவர்களுக்கும் கேட்கும்படி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஊர், மாவட்டம், வீட்டு மொழி பிறகு தானாக வரும்.

## இரண்டாம் படி: கேட்காமலே கிடைத்தவற்றை எழுதிப் பாருங்கள்

‘எனக்கு என்னங்க சலுகை, நானே வாரச் சம்பளத்துக்குக் கஷ்டப்படறேன்’ என்பார் கைமடி வேலை பார்க்கும் நம்மூர் அக்கா. அவர் சொல்வதும் உண்மை. அவர் வறுமையை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சில விஷயங்களுக்காக அவர் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. அதைத்தான் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன்.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் குறைந்தால் நான் எந்த மொழியில் சண்டை போடுவேன்? பஸ்ஸில் பர்ஸ் தொலைந்தால் முதலில் யாரைச் சந்தேகப்படுவார்கள்? இரவு பத்து மணிக்கு ரோட்டில் நடந்தால் போலீஸ் என்னை நிறுத்தி ஆதார் கேட்குமா? காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் எங்கே வலி என்று சொல்லத் தெரியுமா? வார்டு கவுன்சிலர் என் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வருவாரா? என் குழந்தை பேசும் மொழியில் பள்ளிக்கூடம் இருக்கிறதா? பக்கத்து மெஷின்காரரின் பதில்களையும் எதிரே எழுதினால் வித்தியாசம் கண்முன்னே நிற்கும்.

இந்தத் தாளில் சாதிக்கு ஒரு பத்தி ஒதுக்காமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். திருப்பூரைப் பற்றி ஆராய்ச்சி செய்த ஷரத் சாரி ‘ஃபிரட்டர்னல் கேபிடல்’ என்ற நூலை 2004-ல் வெளியிட்டார். தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சிக்கு உழைப்பையே காரணமாகச் சொல்வதை அதில் விரிவாக எழுதியிருக்கிறார். உழைத்தது உண்மைதான். கூடவே காட்டை விற்றோ அடமானம் வைத்தோ கிடைத்த முதல், மாமன் மச்சான் கைமாற்று, நம்பி ஜாப் ஒர்க் கொடுத்த சொந்தக்காரர் என்று ஒரு படிக்கட்டும் இருந்தது. அதே அளவு உழைத்த தலித் தொழிலாளி பலருக்கு அந்தப் படிக்கட்டு இல்லை. இதைச் சொன்னால் நம் ஊரில் கோபம் வரும், தெரியும். சொல்லாமல் விட்டால் இந்த வழிகாட்டிக்கு அர்த்தமில்லை.

உள்ளூர் தலித் பெண் ஒருவர் மொழியால் சில வசதி பெற்றவர், சாதியால் இழந்தவர். பீகாரிலிருந்து வந்த மேல்சாதி இளைஞர் இங்கே இளப்பமாகப் பேசப்படுகிறார். தன் ஊரில் அவரே அப்படிப் பேசியிருக்கலாம். எந்த இடத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று இடத்துக்கு இடம் பார்க்கப் பழக வேண்டும். குற்ற உணர்ச்சியில் மூழ்கச் சொல்லவில்லை. எந்த இடத்தில் உங்கள் பேச்சு எடுபடுகிறது என்று அந்தத் தாள் காட்டும். பின்னால் வரும் படிகளுக்கு அது வேண்டும்.

## மூன்றாம் படி: நாம் வந்தேறிகளாக இருந்த வரலாறு

மலையகத் தமிழர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தோட்டங்களுக்காக வெள்ளைக்காரன் கூட்டிப் போன நம் ஜனம். இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கினார்கள். 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். அந்த மக்களைக் கேட்டுச் செய்ததில்லை. திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’. தமிழ்நாட்டில், தமிழர்களுக்கு, தமிழர்கள் வைத்த பெயர்.

பம்பாயில் 1966-ல் தொடங்கிய சிவசேனை முதலில் குறிவைத்தது ‘மதராசி’களை. ஆபீஸ் வேலையைப் பறிக்கிறார்கள், லுங்கி கட்டுகிறார்கள் என்பதெல்லாம் அன்றைய குற்றச்சாட்டுகள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையை வைத்து பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. இன்று நம் ஊரில் வடக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதை அன்று தமிழர்களைப் பற்றிச் சொன்னவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அழுக்கு, கூட்டமாகத் திரிகிறார்கள், வேலையைப் பறிக்கிறார்கள், நம் மொழி பேசுவதில்லை. ஒரு குற்றச்சாட்டுகூடப் புதிதில்லை.

வடகிழக்குக்காரர்களின் கதை தனி. 2012 ஆகஸ்டில் வதந்தி எஸ்.எம்.எஸ்.களை நம்பிப் பெங்களூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குவாஹாட்டிக்கு ரயிலேறினார்கள். 2014 ஜனவரியில் டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியாவின் தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு அவர் சாவில் முடிந்தது. அதன் பிறகு அரசு அமைத்த பெஸ்பருவா குழு, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதைத் தண்டிக்கச் சட்டத்தில் தனிப் பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. ‘சைனாக்காரன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் டெல்லியில் நடந்ததை ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ‘நாங்க இந்தியை எதிர்த்த ஊருங்க’ என்று சிலர் இந்த வெறுப்புக்கு நியாயம் சொல்கிறார்கள். 1938-லும் 1965-லும் தமிழ்நாடு எதிர்த்தது மொழியைத் திணித்த அரசாங்கத்தை. பனியன் கம்பெனியில் அயர்ன் பாக்ஸ் பிடிக்கும் தொழிலாளி எந்த மொழியையும் யார் மீதும் திணிக்கவில்லை. அவருடைய போஜ்புரிக்கும் மைதிலிக்கும் இந்தியால் இடம் சுருங்கிப்போனதுதான் நடந்தது. மொழி உரிமை தெரிந்த ஊருக்கு அவர்கள் நிலைமை மற்றவர்களைவிட நன்றாகப் புரிய வேண்டும்.

## நான்காம் படி: போனில் வரும் வீடியோவை என்ன செய்வது?

2023 ஜனவரியில் திருப்பூரில் வட மாநிலத் தொழிலாளர்கள் சிலர் உள்ளூர் ஆட்களைத் துரத்துவது போன்ற ஒரு வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. டீக்கடைப் பக்கம் ஆரம்பித்த ஒரு வாய்த்தகராறு அது. ‘வடக்கன் நம்மை அடிக்கிறான்’ என்று அது நம் போன்களில் பரவியது. மார்ச் முதல் வாரத்தில் நேர் எதிரான வதந்தி: ‘தமிழ்நாட்டில் பீகாரிகளைக் கொல்கிறார்கள்.’ இது அவர்கள் போன்களில் பரவியது. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு அந்த வீடியோக்கள் பொய் என்று விளக்கினார். ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகார் அரசு ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் பாலமுருகன் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கும் வந்து பார்த்தார்கள். இங்கே அதிகாரிகளும் போலீசும் கம்பெனிகளுக்கே போய்த் தொழிலாளர்களிடம் தைரியம் சொன்னார்கள். வதந்தி பரப்பியதாக பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் கைதானார்.

அந்த வாரம் ஹோலி. ஊருக்குப் போக ஏற்கெனவே டிக்கெட் எடுத்திருந்தவர்களும் பயந்து கிளம்பியவர்களும் ரயில்வே ஸ்டேஷனில் ஒன்றாக நின்றார்கள். அந்தக் கூட்டத்தைப் படமெடுத்து, ‘உயிர் பிழைக்க ஓடுகிறார்கள்’ என்று இன்னொரு வீடியோ. இப்படி ஒரு பொய் அடுத்த பொய்க்கு ஆதாரமானது. இரண்டு பக்கத்தையும் பயமுறுத்தியவை ஒரே மாதிரி வீடியோக்கள்தான் என்பது பலருக்கும் அப்போது தெரியவில்லை.

அடுத்த முறை வரும்போது, வராமல் இருக்காது, இப்படிச் செய்யுங்கள். பார்த்ததும் அனுப்பாதீர்கள். வீடியோவில் கடை போர்டு, பஸ், வண்டி நம்பர் பிளேட், பேசும் மொழி ஆகியவற்றைப் பாருங்கள். பாதி வீடியோக்கள் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அனுப்பியவரிடம் ‘எந்த ஊருங்க, எந்தத் தேதி?’ என்று மட்டும் குரூப்பிலேயே கேளுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், இந்தக் கேள்வியே மற்றவர்களை நிதானிக்க வைக்கும். போலீஸ் மறுப்பு வெளிவந்ததும் அதை அதே குரூப்பில் போடுங்கள், தனியாக அனுப்பிப் பயனில்லை.

பிறந்த இடம், மொழி, இனம் ஆகியவற்றைச் சொல்லிப் பகை மூட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவின்படி குற்றம். குரூப் அட்மின்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதைவிட முக்கியமானது, பக்கத்து அறையில் இருக்கும் ஒடியாக்காரரிடமோ பீகார்க்காரரிடமோ ‘உங்க போன்ல என்ன வந்திருக்கு?’ என்று கேட்பது. அவருக்கு வந்த பொய்யை மறுத்துச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

## ஐந்தாம் படி: சம்பளப் பட்டியல்

‘இவங்க வந்துதாங்க கூலி ஏறாமப் போச்சு.’ நம் ஊரில் அதிகம் கேட்கும் குற்றச்சாட்டு இது. பொறாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சொல்கிறவர் தன் வயிற்றைப் பற்றிப் பேசுகிறார். ஆனால் கூலியைக் குறைப்பது யார் என்று பின்தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும்.

காண்ட்ராக்டர் இருபது முப்பது ஆட்களைக் கூட்டி வருகிறார். கம்பெனி அவருக்குப் பீஸ் ரேட்டில் பணம் கொடுக்கிறது. அதிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொண்டு அவர் ஆட்களுக்குக் கொடுக்கிறார். வரும்போது கொடுத்த முன்பணம், ரயில் டிக்கெட், அறை வாடகை, மெஸ் சாப்பாடு எல்லாம் கழிகின்றன. பல இடங்களில் இந்த ஆட்களின் பெயர் கம்பெனி ரெஜிஸ்டரில் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கை மெஷினில் மாட்டினாலும் கேட்க ஆள் இல்லை. மேலே பார்த்தால் பையர் விலையைக் குறைத்திருப்பார், ஷிப்மென்ட் தேதியை நெருக்கியிருப்பார். இவ்வளவு பேர் முடிவெடுத்த பிறகு கடைசியில் நிற்கும் தொழிலாளி மீது பழி விழுகிறது.

ஒரே வேலைக்கு வெளிமாநிலத்தவருக்குக் குறைவாகக் கொடுக்க முடியும்வரை முதலாளி அவரைத்தான் தேடுவார். சமமாகக் கொடுத்தாக வேண்டும் என்று வந்துவிட்டால் அந்த ஆசை போய்விடும். ஆகவே ஒடிசாத் தொழிலாளிக்குச் சமச் சம்பளம் கேட்பது உள்ளூர் டைலரின் சம்பளத்தைக் காப்பாற்றும் வேலையும்கூட. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊருக்கு இதைப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

அதே வேலையைச் செய்யும் உள்ளூர்க்காரரைவிட வெளிமாநிலத்தவருக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்று 1979-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து அந்தச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஊருக்குப் போய்வரப் பயணப்படி போன்ற ஏற்பாடுகள் புதிய தொகுப்பிலும் இருக்கின்றன. தொழிற்சங்கங்களும் முதலாளி சங்கங்களும் பேசிப் போடும் சம்பள ஒப்பந்தம் திருப்பூரில் உண்டு. அந்த ஒப்பந்த ரேட் தமிழ் நோட்டீஸாக மட்டும் இருந்தால் பாதிப் பேருக்குத் தெரியாது. அதை ஒடியாவிலும் வங்காளத்திலும் இந்தியிலும் அச்சடித்து கேட்டில் கொடுப்பது சங்கங்கள் உடனே செய்யக்கூடிய வேலை. இதைக் கேட்டு வாங்க வேண்டியது உறுப்பினர்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதன் பிறகு, தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடி, 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. ஆலையை நடத்தும் ஏற்றுமதி நிறுவனமும் அதனிடம் வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்திட்டன. பாலின, சாதிப் பாகுபாட்டோடு, வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் காட்டப்படும் பாகுபாட்டையும் அது சேர்த்தே தடுத்தது. லைனில் வேலை செய்யும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்களாக இருந்து, வசவோ சீண்டலோ நடந்த அன்றே பேசித் தீர்க்கப் பார்த்தார்கள். மூன்று பாகுபாட்டுக்கும் வேர் ஒன்று என்று அந்தப் பெண்கள் புரிந்துகொண்டதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

கம்பெனியில் நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்து வேலை மாறும். சூப்பர்வைசர் என்றால் திட்டுவதை நிறுத்துங்கள். தமிழ் தெரியாதவருக்கும் கெட்ட வார்த்தை புரியும். டைலர் என்றால் சனிக்கிழமை சம்பளக் கவர் வாங்கும்போது பக்கத்தில் இருப்பவரின் ஷிஃப்ட் கணக்கைச் சேர்ந்து கூட்டிப் பாருங்கள். ஒன்றரை ஷிஃப்ட்டை ஒன்றாக எழுதியிருந்தால் அவரோடு போய்க் கேளுங்கள். முதலாளி என்றால் காண்ட்ராக்டர் ஆட்களையும் ரெஜிஸ்டரில் ஏற்றுங்கள். பையரின் ஆடிட் வரும் நாளில் மட்டும் முகமூடியும் கையுறையும் கொடுப்பதை இந்த ஊரே அறியும்.

## ஆறாம் படி: வாடகை வீடு

‘டூ-லெட்’ போர்டு தொங்குகிறது. ஒரு பையனும் அவன் மனைவியும் கைக்குழந்தையோடு வந்து கதவைத் தட்டுகிறார்கள். வீட்டுக்கார அம்மா முகத்தைப் பார்க்கிறார். ‘வீடு காலி இல்லீங்க, நேத்துதான் முடிஞ்சுது.’ அவர்கள் தெருமுனை தாண்டும் முன்பே போர்டு அப்படியே ஆடிக்கொண்டிருப்பதைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அடுத்து காண்ட்ராக்டர் காட்டும் அறைக்குப் போவார்கள். பத்தடி அறையில் எட்டுப் பேர், ஆளுக்கு இவ்வளவு என்று வாடகை. மொத்தத்தில் அது முழு வீட்டு வாடகையைத் தாண்டிவிடும். கக்கூஸ் இருபது பேருக்கு ஒன்று. அப்புறம் அதே தெருக்காரர்கள், ‘கூட்டமா தங்குறாங்க, சுத்தமில்லே’ என்பார்கள்.

வீடு மறுக்கிற வாய் முதலில் கேட்பது ‘எந்த ஊரு’. இரண்டாவது ‘என்ன ஆளுங்க’. இரண்டாவது கேள்வியால் உள்ளூர் தலித் குடும்பங்கள் பல காலமாகத் திரும்பிப் போகின்றன. ஒன்றை விட்டு மற்றதை ஒழிக்க முடியாது. வீட்டுக்காரர் என்றால் எல்லோருக்கும் ஒரே அட்வான்ஸ், ஒரே கரண்ட் ரேட், ஒரே விதிமுறை என்று எழுதி வையுங்கள். ஆதார் நகல் வாங்குவது சரிதான், தமிழரிடமும் வாங்குங்கள். வீட்டுக்காரர் இல்லையென்றால், வீடு தேடுகிறவரோடு ஒருமுறை கூடப் போங்கள். ‘எங்க கம்பெனி ஆளுங்க, நான் சொல்றேனுங்க’ என்ற உள்ளூர் வார்த்தைக்கு முதலிபாளையத்தில் மதிப்பு உண்டு. உங்கள் தாளில் எழுதிய வசதியைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

## ஏழாம் படி: பள்ளி, ரேஷன், ஆஸ்பத்திரி

கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயதுக் குழந்தைக்குச் சான்றிதழ் இல்லை என்று அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. பக்கத்து லைன் வீட்டில் பகலில் குழந்தைகள் சும்மா விளையாடிக்கொண்டிருந்தால் தலைமையாசிரியரிடம் கூட்டிப் போங்கள். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் 2020 அக்டோபரில் தமிழ்நாட்டுக்கு வந்தது. சொந்த ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கார்டு வைத்திருப்பவர் விரல் ரேகை வைத்து இங்கேயே அரிசி வாங்கலாம். இது தெரியாதவர்கள் ஏராளம். கடைக்காரர் தயங்கினால் நீங்கள் பேசுங்கள். ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுத்து, எங்கே வலி என்று கேட்டுச் சொன்னால் போதும்.

சிட்கோவிலேயே நிஃப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு ஒடியாவோ வங்காளமோ கற்றுக்கொண்டால் இருவருக்கும் நாளை வேலையில் உதவும்.

## எட்டாம் படி: வரும் கேள்விகளுக்குப் பதில்

இதையெல்லாம் செய்யத் தொடங்கினால் நண்பர்கள் கேட்பார்கள். ‘திருட்டு, கொலை எல்லாம் அவங்கதானே பண்றாங்க?’ குற்றம் செய்தவர் எந்த ஊராக இருந்தாலும் சட்டப்படி தண்டிக்கப்பட வேண்டும். நம் ஊர்க்காரர் திருடினால் ‘தமிழன் திருடன்’ என்று நாம் சொல்வதில்லை, பெயரைச் சொல்கிறோம். அதே நியாயம் அவர்களுக்கும்.

‘அவங்களும் நம்மைக் கறுப்பன்னு கேலி பேசறாங்களே?’ பேசுகிறார்கள் சிலர். அதுவும் இனவெறிதான், கண்டிக்க வேண்டியதுதான். வந்தவர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. உத்தமராக இருந்தால்தான் முழுச் சம்பளம் என்று எந்தச் சட்டமும் இல்லை. ‘அவங்க தமிழ் கத்துக்கட்டும்’ என்பதற்குப் பதில் சுலபம்: பலர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். மார்க்கெட்டில் அவர்கள் தமிழில் பேரம் பேசுவதைக் கேளுங்கள். கேலி செய்யாமல் பேசவிட்டால் இன்னும் வேகமாகக் கற்பார்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதுதான் கடினம். அவர்களிடம் சட்டப் பிரிவைச் சொல்லாதீர்கள். ‘அப்பத்தா, உங்க தம்பி பம்பாய்க்கு வேலைக்குப் போனாரே, அங்க அவரை எப்படி நடத்துனாங்களாம்?’ என்று கேளுங்கள். இப்படி ஒரு பம்பாயோ பெங்களூரோ பெரும்பாலான குடும்பங்களில் இருக்கும்.

## ஒன்பதாம் படி: கண்ணெதிரே நடந்தால்

பஸ்ஸிலோ டீக்கடையிலோ ஒருவரை ஊரைச் சொல்லி இழிவாகப் பேசினால், திட்டுகிறவரோடு மோதுவதைவிடத் திட்டு வாங்குகிறவரின் பக்கத்தில் போய் நிற்பது முதல் வேலை. ‘வாங்க தம்பி, இங்க உக்காருங்க, டீ சாப்பிடலாம்’ என்று அவரிடம் பேச்சுக் கொடுங்கள். தனியாள் இல்லை என்று தெரிந்தாலே பல சண்டைகள் அடங்கிவிடும். கடை, ஓட்டல், பொதுக் கிணறு போன்ற இடங்களில் இனம், சாதி, பிறந்த இடம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சாசனம் சொல்வதைக் கடைக்காரருக்கு நிதானமாக நினைவூட்டலாம்.

கை நீண்டால் 112-க்கு அழையுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. இந்த நான்கு எண்களையும் ஒடியா, வங்காளம், இந்தி, தமிழ் நான்கிலும் எழுதி, பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டச் சொல்லி மேனேஜரிடம் கேளுங்கள். வீடியோ எடுப்பதாக இருந்தால் அடி வாங்கியவரின் சம்மதம் இல்லாமல் எங்கும் போடாதீர்கள். போலீசிடம் கொடுக்க மட்டும் வைத்திருங்கள்.

புகார் கொடுக்க அவர் தயங்கலாம். வேலை போகும், காண்ட்ராக்டர் கோபிப்பார், ஊரில் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் இருக்கும். கட்டாயப்படுத்தாதீர்கள், முடிவு அவருடையது. கொடுப்பதாகச் சொன்னால் ஸ்டேஷனுக்குக் கூடப் போங்கள். புகாரில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் புரியும் மொழியில் படித்துக்காட்டிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சாட்சியாக உங்கள் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது அவர் கைக்கு வரும்வரை கூடவே இருங்கள்.